நாற்பத்தைந்து விநாடி

பெற்ற பிள்ளை கொஞ்சம் குறைவாக வாசிக்கவேண்டும் என்று செபித்தபடி டென்மார்க்கில் ரண்டர்ஸிலிருந்து ஓல்போர்க் வரைக்கும் காரில் போன தாய் யாராவது இருந்தால், அது நான்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? கடவுளுக்குத் தெரியும், பக்கத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்த என் மனுசன் இன்பநாதனுக்கும் தெரியும். எனக்கு மனதுக்குள் செபிக்க வராது. எங்கள் பெந்தெகொஸ்தே சபையில் அது ஒருவருக்கும் வராது.

நேரே "அவன் பிழை விடட்டும்" என்று கேட்கவில்லை. அவ்வளவு பாவி இல்லை நான். "ஆண்டவரே, என்ரை சுலக்ஷன் நல்லா வாசிக்கட்டும். ஆனா அவனோடை படிக்கிற அந்தப் புல்லாங்குழல் ஊதுற பெட்டை அவனைவிட இன்னும் நல்லா வாசிக்கட்டும்" என்றுதான் கேட்டேன். இன்பநாதன் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

விஷயம் இதுதான். சுலக்ஷன் எங்களுக்கு ஒரே பிள்ளை. இருபத்துமூன்று வயது. ஓல்போர்க்கில் இசைக்கல்லூரியில் செல்லோ என்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியம் படிக்கிறான். ஹங்கேரியிலிருந்து இம்ரே தொர்மாய் என்ற ஒரு பெரிய இசையமைப்பாளர் அன்றைக்கு அங்கே வருகிறார். அவருக்கு எண்பத்தாறு வயது. அவரைக் கௌரவிக்க மாணவர்கள் அவர் எழுதியவற்றை மட்டும் வாசிப்பார்கள், அவர் முன்வரிசையில் இருந்து கேட்பார். அதுவரைக்கும் நல்ல காரியம். ஆனால் அந்த மனிதருக்கு ஒரு பழக்கம் இருந்தது. தன்னைக் கௌரவிக்கிற கல்லூரியிலிருந்து ஒரு மாணவரைத் தெரிந்தெடுத்து, இரண்டு வருடம் புடாபெஸ்டில் தன்னோடு வைத்துப் படிப்பிப்பார்.

புதன்கிழமை ரெலிபோனில் சுலக்ஷன் இதைச் சொன்னபோது, "உனக்குப் போக விருப்பமோ?" என்று கேட்டேன்.

"சும்மா சொன்னனான் அம்மா" என்றான்.

அவன் அப்படித்தான். எதையும் வாய்விட்டுக் கேட்கிற பிள்ளை இல்லை. சின்ன வயதில் விளையாட்டுச் சாமான் கடைக்குக் கூட்டிப்போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். நாங்கள் வாங்கிக் கொடுத்தால் வாங்குவான், கொடுக்காவிட்டால் வந்துவிடுவான். அது நல்ல குணம் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான்.

இரண்டு வருடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தொண்ணூற்றொன்றில் டென்மார்க்குக்கு வரும்போது நானும் என் அம்மாவிடம் இரண்டு வருடம் என்றுதான் சொன்னேன். அம்மாவின் செத்தவீட்டை வீடியோவில் பார்த்தேன்.

சுலக்ஷன் ஓல்போர்க்கில் இருப்பதே எனக்குத் தூரம். ஒரு மணித்தியாலக் கார் ஓட்டம்தான், ஆனாலும் தூரம். ஞாயிற்றுக்கிழமை வருவான். சட்டிக்குப் பக்கத்தில் நின்றே நண்டுக்கறியில் பாதியை முடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் வந்து பசிக்கவில்லை என்பான். அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் மற்ற ஆறு நாளும் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிக் கிடத்துகிறேன் என்று இன்பநாதன் பகிடி பண்ணுவார். அது பகிடி இல்லை.

சபைக்கு மட்டும் அவன் வருவதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை எங்கள் சபையில் கீபோர்ட் வாசித்தவன் அவன். இப்போது அந்த இடத்தில் ஒரு யூஎஸ்பி பாடுகிறது. நாங்கள் அழுதாலும் அது நிற்காது, நாங்கள் முடித்த பிறகும் அது முடியாது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி சொல்ல எழும்பினவர் அழுகையில் தடக்குப்பட்டால், சின்னப்பிள்ளை மனப்பாட வசனத்தை நடுவில் மறந்து முழித்தால், அந்த ஆளை நாங்கள் தனியே நிற்க விடமாட்டோம். நாலு பக்கத்திலிருந்தும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று மெல்லச் சொல்லுவோம். அந்தச் சத்தத்துக்குள் ஆள் ஒரு மூச்சு எடுத்து, விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுலக்ஷன் அந்த நேரம் கீபோர்டில் கீழ்ச்சுரம் ஒன்றை நீளமாகப் பிடித்துக்கொண்டிருப்பான். அதை ஒருவரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் வாய் திறந்தால் அவன் கை போகும், அவ்வளவுதான்.

கல்லூரி மண்டபத்துக்கு இரண்டு மணிக்கு முன்பே போய்விட்டோம். வெளியே மே மாதத்து வெயில், காற்றோடு. நான் சேலை உடுத்து மேலே கோட் போட்டிருந்தேன். மற்றவர்கள் ஜீன்ஸோடு வந்திருந்தார்கள். சுலக்ஷன் கறுப்புச் சட்டையோடு ஓடிவந்து எங்களை மூன்றாம் வரிசையில் இருத்தினான்.

"அம்மா, ஒவ்வொண்டுக்கும் இடையிலை கைதட்டக்கூடாது. கடைசியிலை மட்டும்தான். போனை நிப்பாட்டுங்கோ. வீடியோ வேண்டாம். அப்பா, நித்திரை கொள்ளாதீங்கோ."

"நான் எப்ப நித்திரை கொண்டனான்?" என்றார் இன்பநாதன்.

இதைவிட வேறு ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்டேன். இல்லை என்றான். நிகழ்ச்சி நிரல் அச்சடித்த தாள் ஒன்று ஒவ்வொரு கதிரையிலும் இருந்தது. என்னுடையதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். இன்பநாதன் தன்னுடையதால் விசிறிக்கொண்டார். இரண்டு பேரில் ஒருவராவது அதை வாசித்திருக்கலாம்.

தொர்மாய் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். எல்லோரும் எழும்பி நின்றார்கள். மற்றவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்திருப்பார்கள், நான் காலைப் பார்த்தேன். இரண்டு கணுக்காலிலும் நீர் கட்டியிருந்தது. காலுறை இறுகிப் பிடித்திருந்தது. வலது காதில் கேட்கும் கருவி. இந்த மனுசனை இவ்வளவு தூரம் கூட்டிவந்தவர்களுக்கு அறிவில்லையா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என் பிள்ளையைக் கொண்டுபோக வந்தவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது எனக்கே பிடிக்கவில்லை.

நிகழ்ச்சி தொடங்கியது. அந்த இசையைப் பற்றி நான் பொய் சொல்லமாட்டேன். சுலக்ஷன் வீட்டில் முதல் தடவை அதைப் பழகியபோது, செல்லோவைத் துடைக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு மண்டபத்தில் கேட்கும்போது சில இடங்கள் என்னைப் பிடித்தன. ஒரு பெடியன் பியானோவில் நாலே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தான். ஏனென்று தெரியவில்லை, அம்மா முற்றத்தில் உடுப்பு காயப்போடுகிறது கண்ணுக்குள் வந்தது. புல்லாங்குழல் பெட்டை மிக நன்றாக ஊதினாள். தொர்மாய் தலையை ஆட்டினார். நான் ஸ்தோத்திரம் சொன்னேன், மனதுக்குள். அன்றைக்கு எனக்கு மனதுக்குள்ளும் வந்தது.

கடைசிக்கு முதல் சுலக்ஷன். தனியே வந்து, செல்லோவை முழங்காலுக்கு இடையில் வைத்து, கண்ணை மூடித் தொடங்கினான். தாழ்ந்த சுரங்கள், பிறகு மேலே மேலே ஏறி, யாரோ படியில் மூச்சு வாங்க ஓடுவது போல அவசரப்பட்டுக்கொண்டு போயிற்று. அவனுடைய நெற்றி மயிர் ஆடியது. இவன் என்னிடமிருந்துதான் வந்தானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது திடீரென்று நின்றுவிட்டது.

வில் நரம்பிலிருந்து ஒரு சாண் மேலே நின்றது. அவன் அசையவில்லை. ஒரு சத்தமும் இல்லை. நான் மனதுக்குள் ஐந்து எண்ணினேன். பத்து எண்ணினேன். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. மறந்துவிட்டான், என் பிள்ளை மறந்துவிட்டான் என்று எனக்கு விளங்கியது.

நான் கேட்டது நடக்கிறது. கேட்டதைவிடக் கூடவே தந்துவிட்டார் ஆண்டவர். இருநூறு பேர் பார்த்திருக்க, ஒரு கிழவர் காதுக் கருவியோடு காத்திருக்க, என் பிள்ளை அங்கே தனியே இருக்கிறான். இனிப் புடாபெஸ்ட் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எனக்குத்தான். கை நிறையத் தந்துவிட்டார், என்னால்தான் அதை வாங்க முடியவில்லை. எனக்கு அது வேண்டாம். அவன் அப்படித் தனியே இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"ஸ்தோத்திரம்" என்றேன்.

மெல்லத்தான் சொன்னேன். அந்த மண்டபத்தில் மெல்லச் சொல்வது என்று ஒன்று இல்லை. இரண்டாம் தரம் சொன்னபோது, பக்கத்தில் அரைத் தூக்கத்தில் இருந்த இன்பநாதன் கண்ணைத் திறக்காமலே, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டார்.

சுலக்ஷனுடைய கை இறங்கியது. செல்லோவில் ஒரு கீழ்ச்சுரம் நீளமாக எழும்பியது. ஏழு வருடம் கேட்ட சுரம், எனக்குத் தெரியும். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதே கணம் அவன் கண்ணைத் திறந்தான், முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு எதையோ பிடித்து, வாசித்து முடித்தான்.

டெனிஷ்காரர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருக்கிற விதத்தில்தான் நான் ஏதோ பெரிய பிழை செய்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன். கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தேன். சுலக்ஷனுடைய பெயருக்குக் கீழே டெனிஷில் தெளிவாக எழுதியிருந்தது. இந்த இசையின் நடுவில் நாற்பத்தைந்து விநாடி மௌனம் வரும், அதுவும் இசையின் பகுதி.

நிகழ்ச்சி முடிந்து வெளிக் கூடத்தில் கோப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். சுலக்ஷன் எங்களிடம் வந்தான். அவன் கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"தம்பி, நீ மறந்துபோனாயெண்டு நினைச்சன்" என்றேன்.

"தெரியும் அம்மா."

"எனக்கு ஏனடா முதலே சொல்லேல்லை?"

"இதைச் சொல்லோணுமெண்டு நான் யோசிக்கேல்லை. பரவாயில்லை, விடுங்கோ. அப்பாவுக்குக் கோப்பி எடுத்துக்கொண்டு வாறன்" என்று போனான். போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனான்.

இன்பநாதன் என் பக்கம் குனிந்து, "காரிலை நீ கேட்டதுதானே நடந்திருக்கு. பிறகேன் அழுறாய்?" என்றார். குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினேன்.

தொர்மாய் ஒரு மூலையில் காலை ஒரு சின்ன முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுலக்ஷனுடைய ஆசிரியை பிர்கிட். அவளோடு நான் இரண்டு மூன்று தரம் கதைத்திருக்கிறேன், நல்ல மனுஷி. நான் டெனிஷில் சொல்வதை அவள் ஜெர்மனில் பெரியவருக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டேன்.

"சத்தம் போட்டது நான்தான். அவன் பிழை விடவில்லை. அந்தப் பிழையை அவன் கணக்கில் போடவேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றேன்.

பிர்கிட் சொன்னாள். பெரியவர் கேக்கை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்ன சொல் என்ன என்று கேட்டார். எங்கள் சபை வழக்கத்தைச் சொன்னேன், விழப்போகிறவரைத் தாங்கிப் பிடிக்கச் சொல்வது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்குத் தொடங்கினால் நிறுத்த வராது.

"அதோடு இதையும் சொல்லுங்கள். அவனை நீங்கள் எடுக்கக்கூடாது என்று வரும் வழியெல்லாம் நான் செபித்துக்கொண்டு வந்தேன்."

பிர்கிட் திடுக்கிட்டாள். "இதையும் சொல்லவேண்டுமா, ஞானமலர்?"

"ஓம், சொல்லுங்கள்" என்றேன். அந்த ஓம் மட்டும் தமிழில் வந்துவிட்டது.

அவள் சொல்லி முடித்த பிறகு கிழவர் கேக் தட்டைக் கீழே வைத்தார். பிறகு நிறையக் கதைத்தார். பிர்கிட் எனக்குச் சுருக்கிச் சொன்னாள்.

"இதை எழுதி நாற்பது வருடமாகிறது என்கிறார். அந்த இடத்தில் ஆட்கள் இருமுவார்கள், கதிரையை அசைப்பார்கள். ஒருவரும் வாய் திறந்ததில்லையாம். நீங்கள் வாய் திறந்தது அவருக்குப் பெரிய விஷயம் இல்லை. உங்கள் குரலைக் கேட்டு அவன் வில்லை இறக்கியதுதான் விஷயம். அம்மாவின் குரல் கேட்டால் கை போகிற ஆளை அங்கே கொண்டுபோய் என்ன செய்வது என்று கேட்கிறார். அந்த இடத்தை இப்போதே இன்னொரு தரம் வாசித்துக் காட்டட்டுமாம். நீங்களும் முன்னால் வந்து இருக்கவேண்டுமாம்."

மண்டபத்தில் இரண்டு பேர் பின்வரிசைக் கதிரைகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பிர்கிட் அவர்களை நிறுத்தி வெளியே அனுப்பினாள். முன்வரிசையில் பெரியவர், பிர்கிட், இன்பநாதன், நான். சுலக்ஷன் செல்லோவோடு வந்து இருந்தான். என்ன நடக்கிறது என்று பிர்கிட் அவனுக்குச் சொல்லியிருந்தாள். அவன் என் பக்கம் பார்க்கவில்லை.

படியேறி ஓடுகிற இடத்திலிருந்து வாசித்தான். மேலே, மேலே, பிறகு நின்றது. வில் ஒரு சாண் உயரத்தில் நின்றது.

அவ்வளவு கிட்டத்தில் இருந்தபடியால் எல்லாம் தெரிந்தது. வலது மணிக்கட்டில் நரம்பு துடித்தது. மூச்சைப் பிடிக்கவில்லை, மெல்ல விட்டு மெல்ல எடுத்துக்கொண்டிருந்தான். அவன் மறந்த ஆளில்லை. எதையோ காத்துக்கொண்டிருக்கிற ஆள். அவன் இப்படிக் காத்திருந்து நான் ஒருநாளும் கண்டதில்லை.

பதினைந்து எண்ணியிருப்பேன், அப்போதுதான் என் புத்தி என்னிடம் ஒன்று சொன்னது. ஒரு சொல் போதும். ஒரு சொல் சொன்னால் அவன் கை இறங்கும். வேணுமென்று செய்தாள் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். பழகிய வாய், பாவம் என்பார்கள். அவன் ஓல்போர்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பான், ஞாயிற்றுக்கிழமை வருவான், என் சட்டியைத் திறந்து பார்ப்பான். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இனி எனக்கு என்ன ஆசை இருக்கிறது, அதைவிட?

சொல் தொண்டைவரை வந்தது. மெய்யாகத்தான் சொல்கிறேன், நாக்கின் அடியில் அதன் பாரம் தெரிந்தது. இன்பநாதனுக்கும் தெரிந்திருக்கவேண்டும். என் கையைப் பிடித்து நசித்தார். மோதிரம் எலும்பில் குத்தியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அவன் வேண்டும் வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்று விட்டேன்.

நாற்பத்தைந்து விநாடி என்பது கொஞ்ச நேரம் இல்லை. அவனைப் பெறும்போது பட்ட பாட்டில்கூட இடையிடையே ஓய்வு இருந்தது.

பிறகு வில் இறங்கியது. வந்தது கீழ்ச்சுரம் இல்லை. மேலே, மெல்லியதாக, இழுத்தால் அறுந்துவிடும் போன்ற ஒரு சத்தம். அந்த மௌனம் முழுக்க அவன் காத்திருந்தது இதற்குத்தான். சபையில் நான் ஒருநாளும் அவனிடமிருந்து கேட்காத சத்தம் அது. என் கண்ணிலிருந்து வழிந்ததை நான் துடைக்கவில்லை. துடைத்தால் வளையல் சத்தம் போடும்.

அவன் முடித்தான். தொர்மாய் தடியை ஊன்றி எழும்பி, அவன் முன்னால் போய் நின்று, ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் சொன்னார். செப்டம்பர். அதற்குப் பிறகு கேள்வி கேட்கிற மாதிரிப் புருவத்தைத் தூக்கினார்.

சுலக்ஷன் பதில் சொல்லவில்லை. செல்லோவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, பெரியவருடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தான். பெரியவரும் திரும்பி என்னைப் பார்த்தார். பிர்கிட் நிலத்தைப் பார்த்தாள். இந்த மௌனத்துக்கு எத்தனை விநாடி என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. நான் வாய் திறக்கும்வரை இது முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"போயிட்டு வா, ராசா" என்றேன்.

அவன் சிரித்தான். முகம் முழுக்க, பல்லெல்லாம் தெரிய, கண்ணில் நீர் முட்டச் சிரித்தான். இருபத்துமூன்று வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த முகத்தில் பார்த்ததில்லை. என் பிள்ளைக்குப் போவதற்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.